11-ஆம் ஜெனரேஷன்னு சொல்லி 2017 சிப்பைத் தலையில கட்டிட்டாங்க, ₹31,500 போச்சு

ரீஃபர்பிஷ்டு லேப்டாப் வாங்கப் போறவங்க பணம் அனுப்புறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிடுங்க. பழைய ஆபீஸ் மெஷின்களை விக்கிற ஒரு ஆன்லைன் கடை. 11-ஆம் ஜெனரேஷன் பிராசஸர் இன்டெல் ஐ5-1135ஜி7னு சொல்லி ₹31,500 வாங்கினாங்க. வந்தது 2017-ல வந்த ஐ5-8250யூ.

நம்ப வெச்சது எப்படின்னா, வீடியோ கால்ல சிஸ்டம் ப்ராப்பர்ட்டீஸைத் திறந்து காட்டினாங்க. 1135ஜி7ன்னே இருந்துச்சு. விண்டோஸ் தன் செட்டிங்ஸை வெச்சிருக்கிற ரெஜிஸ்ட்ரியில ஒரு வரியை மாத்தி, ஒவ்வொரு பூட்டுக்கும் அதையே எழுதுற மாதிரி ஸ்கிரிப்ட் வெச்சா போதும், அந்தப் பேர் வந்துடும். அதோட நிக்கல. கேட்காமலேயே லேட்டன்சி டெஸ்ட் ஓட்டினாங்க, அதாவது ஒவ்வொரு அளவு டேட்டாவுக்கும் மெமரியில இருந்து பதில் வர எவ்வளவு நேரம் ஆகுதுன்னு அளக்குறது. 16 கேபிக்கு 1.2 நானோ செகண்ட், 128 கேபிக்கு 3.5. அங்கேதான் சந்தேகமே போச்சு.

கணக்கைப் பாருங்க. கேஷ்னா பிராசஸருக்குள்ளேயே இருக்கிற சின்ன மெமரி. எல்1 சின்னது, வேகமானது; எல்2, எல்3 அடுத்தடுத்து பெருசு, மெதுவானது. சைக்கிள்னா பிராசஸர் கடிகாரத்தோட ஒரு துடிப்பு, அதை கிகாஹெர்ட்ஸால வகுத்தா நானோ செகண்ட். 1135ஜி7ல எல்1 கேஷுக்கு 5 சைக்கிள், 4.2 கிகாஹெர்ட்ஸ்ல 1.2. 8250யூல 4 சைக்கிள், 3.4 கிகாஹெர்ட்ஸ்ல அதே 1.2! எல்2வும் 14 சைக்கிள், 12 சைக்கிள்னு வகுத்தா 3.3, 3.5. இந்த ரெண்டு வரியை வெச்சு ஜெனரேஷனைப் பிரிக்கவே முடியாது. பிரியுற இடம் 1 எம்பி. புதுசுல ஒரு கோருக்கு எல்2 1.25 எம்பி, அதனால 5 நானோ செகண்டுக்குள்ள முடியணும். பழசுல வெறும் 256 கேபி, மீதி எல்3க்குப் போகும். கையில வந்த மெஷின்ல அந்த 1 எம்பி வரி 13 நானோ செகண்ட். வீடியோ கால்ல அந்த வரி வர்றதுக்குள்ள கேமராவைத் திருப்பிட்டாங்க.

கீபோர்டுக்குக் கீழே கை வைக்கிற இடமெல்லாம் தேய்ஞ்சு பளபளன்னு இருக்கு. பிராசஸர் ஸ்டிக்கர் மட்டும் ஒரு கீறல் இல்லாம புத்தம் புதுசு.

போன் போட்டா முதல்ல, "பயாஸ் அப்டேட் பண்ணுங்க சார், கேஷ் சரியாயிடும்." சிலிக்கான்ல இல்லாத கேஷ் அப்டேட்ல எங்கிருந்து வரும்? அடுத்த நாள், "இன்னொரு ரேம் போடுங்க, ஸ்பீடு வரும்." ரெண்டாவது ரேம் பேண்ட்விட்த்தைத்தான், அதாவது ஒரே நேரத்துல போற டேட்டா அளவைத்தான் கூட்டும், லேட்டன்சியைக் குறைக்காது. மூணாவது நாள், "ஆன் ஆகுதுல்ல? வாரண்டியில இதெல்லாம் வராது." அதுக்கப்புறம் வெறும் நீல டிக்தான். ₹31,500 வாங்கும்போது நிமிஷத்துக்கு ஒரு மெசேஜ் வந்துச்சு.

விவரமா எழுத இப்போ பொறுமை இல்ல. இதை மட்டுமாவது செய்யுங்க:

டாஸ்க் மேனேஜர்ல பர்ஃபார்மன்ஸ், சிபியு. அங்கே பேரைப் பார்க்காதீங்க, கேஷைப் பாருங்க. 1135ஜி7ன்னா எல்1 320 கேபி, எல்2 5 எம்பி, எல்3 8 எம்பி. 256 கேபி, 1 எம்பி, 6 எம்பின்னு இருந்தா ₹31,500 கொடுக்காதீங்க. 10-ஆம் ஜெனரேஷன் 10210யூவும் இதே அளவுதான், அந்த நம்பரைப் பார்த்து ஏமாறாதீங்க.

லேட்டன்சி டெஸ்ட்டை சார்ஜர் சொருகித்தான் ஓட்டணும். 64 எம்பி வரைக்கும் முழுசா ஓடுறதைக் காட்டச் சொல்லுங்க.

இன்டெல்லுக்குப் பதிலா ஏஎம்டியோட ரைசன் பிராசஸர் வாங்கினா, அதுல 5500யூ வேற, 5600யூ வேற. எல்3 முன்னதுல 8 எம்பி, அதுவும் ரெண்டு துண்டு. பின்னதுல 16 எம்பி ஒரே துண்டு.

கேமராவை நகர்த்தினா வீடியோ காலைக் கட் பண்ணிடுங்க.