தலைப்பா, படமா, ஈற்றடியா: எந்தக் கவிதைப் போட்டிக்கு எழுதுவது?

கவிதைப் போட்டி அறிவிப்புகள் பெரும்பாலும் மூன்று வகை. ஒரு தலைப்பு கொடுப்பார்கள், அல்லது ஒரு படம் போடுவார்கள், அல்லது வெண்பாவுக்கு ஈற்றடி, அதாவது கடைசி அடி, கொடுப்பார்கள். கையில் ஒரு வாரம்தான் இருக்கிறதென்றால் எதில் உழைப்பைப் போடுவது? பலரும் எளிது என்று நினைத்துத் தலைப்புப் போட்டிக்குப் போகிறார்கள். எழுத எளிதுதான். ஆனால் மூன்றில் பரிசு வாங்க மிகக் கடினமானது இதுதான்.

‘அம்மா’ என்று தலைப்பு வந்தால் கருவறை, தியாகம், முதியோர் இல்லம் மூன்றும் வரிசையாக வந்து நிற்கும். நடுவர் கையிலுள்ள கவிதைகளில் பாதி இப்படித்தான் இருக்கும். தலைப்பைப் பார்த்ததும் தோன்றும் பத்து விஷயங்களைத் தாளில் எழுதி, பத்தையும் அடித்துவிட்டுத் தொடங்குவது நல்லது. தலைப்புச் சொல்லைக் கவிதைக்குள் கொண்டுவராமல் எழுதிப் பார்த்தால் சொல்ல வேண்டியது தானே குறுகும். பழைய கவிதை ஒன்றின் கடைசி வரியை மாற்றித் தலைப்போடு ஒட்டி அனுப்புவதும் உண்டு. அந்த ஒட்டு பளிச்சென்று தெரியும். 20 வரிக்குள் என்று விதி இருந்து, பத்தி இடைவெளி கணக்கில் சேருமா என்று சொல்லவில்லை என்றால், சேரும் என்றே வைத்துக்கொண்டு எழுதுங்கள்.

படத்துக்கு எழுதுவது இடைப்பட்டது. இங்கே தோற்பவர்கள் ஒரே காரணத்தால் தோற்கிறார்கள்: படத்தில் இருப்பதையே வரிகளில் திரும்பச் சொல்கிறார்கள். படம் நடுவரிடமும் இருக்கிறது. சட்டகத்துக்கு வெளியே என்ன, படம் எடுத்த பிறகு என்ன நடந்தது என்று போக வேண்டும். பலூன் விற்கும் முதியவர் படத்துக்கு இப்படி எழுதலாம்:

கடைசிப் பலூன்
காற்றை இறக்குகிறார்
நாளைக்கும் வேண்டும்

ஹைக்கூ கேட்டிருந்தால் மூன்றே வரி, தலைப்பு வேண்டாம், ‘போல’ வேண்டாம். எழுதியதைப் படத்தை மறைத்துவிட்டு வாசியுங்கள். தனியே புரியவில்லை என்றால் குறை. எந்தப் படத்துக்கும் பொருந்துகிறது என்றால் அதைவிடப் பெரிய குறை.

ஈற்றடிப் போட்டிக்கு வருபவர்கள் குறைவு. தளை (ஒரு சீர் அடுத்த சீரோடு இணையும் விதி) தட்டியவை முதல் சுற்றிலேயே கழிந்துவிடும். யாப்பு அடிப்படை தெரிந்தவருக்கு நாம் சொல்வது இதைத்தான். ‘மழைவரும் என்றது மண்’ என்று கொடுத்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். முதலடியிலிருந்து தொடங்கினால் மூன்றாம் அடியின் முடிவில் மாட்டிக்கொள்வீர்கள். பின்னாலிருந்து வாருங்கள். ‘மழைவரும்’ நிரையில் (‘மழை’ போன்ற ஈரெழுத்து அசை; ‘மண்’ போன்றது நேர்) தொடங்குகிறது. ஈரசைச் சீர் நேரில் முடிந்தால் மா, நிரையில் முடிந்தால் விளம்; மூவசைச் சீர் நேரில் முடிந்தால் காய், நிரையில் முடிந்தால் கனி. வெண்பாவில் மா முன் (அதாவது மாவை அடுத்து) நிரை, விளம் முன் நேர், காய் முன் நேர். ஆகவே மூன்றாம் அடியின் கடைசிச் சீர் தேமாவாகவோ புளிமாவாகவோ இருந்தே ஆக வேண்டும். எதுகைக்கு (அடிகளின் இரண்டாம் எழுத்து ஒன்றுவதற்கு) அந்த அடியின் முதற்சீரில் குறிலை அடுத்து ழகரம் வேண்டும்.

உழவன் நிமிர்ந்தான்; உழப்போகும் முன்னே
மழைவரும் என்றது மண்

‘முன்னே’ தேமா, பொருந்துகிறது. அதே இடத்தில் ‘வேளையில்’ என்று போட்டால் கூவிளம், அதன் முன் நிரை வந்து தளை தட்டும். பொருளில் பெரிய வித்தியாசமில்லை, கவிதை மட்டும் போட்டியை விட்டே போய்விடும். இந்த இரண்டு அடி நின்றபின் முதல் இரண்டு அடிக்கு வேறொரு எதுகை எடுக்கலாம். நேரிசை வெண்பா என்றால் இரண்டாம் அடியின் நான்காம் சீரில் அதே எதுகையோடு தனிச்சொல் வேண்டும். கனிச்சீர் எங்கும் வரக்கூடாது.

அவலோகிதம் போன்ற மென்பொருளில் இட்டால் தளை தட்டும் இடம் தெரிந்துவிடும். ஆனால் தளைக்காகச் சொல்லைச் சீருக்குச் சீர் உடைத்துக்கொண்டே போகும் வகையுளியை நீங்கள்தான் கவனிக்க வேண்டும். கொடுத்த அடியைப் பொருள் மாற்றிப் பிரிப்பது தனிக்கலை: ‘பாரதி சின்னப் பயல்’ என்று காந்திமதிநாதன் என்ற புலவர் கொடுத்த ஈற்றடியை, முன்சீரில் அவர் பெயரையே வைத்து, ‘காந்திமதி நாதனைப் பார், அதி சின்னப் பயல்’ என்று பாரதி திருப்பியதாகச் சொல்வார்கள். எல்லா ஈற்றடியும் இதற்கு இடம் தராது; வலிந்து பிரித்தால் அசட்டுத்தனமாகிவிடும்.

அனுப்பும் முறை மூன்றுக்கும் ஒன்றுதான், சறுக்குவதும் இங்கேதான். ‘வெளிவராத படைப்பு’ என்ற விதி இருந்தால் ஃபேஸ்புக்கில் போட்டதும் வெளிவந்ததாகவே கொள்ளப்படலாம். முடிவு வரும்வரை எங்கும் பகிராதீர்கள், இன்னொரு போட்டிக்கும் அனுப்பாதீர்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்தது அவர்கள் கணினியில் குப்பையாகத் தெரியும், யூனிகோடே வேண்டும். வாட்ஸ்அப்பில் ஒட்டினால் நீள வரி மடிந்து வரிக்கணக்கு மாறித் தெரியும். அனுமதித்தால் வேர்டு கோப்போடு பிடிஎஃபும் சேருங்கள். பெயரும் முகவரியும் கவிதைத் தாளில் கேட்டிருக்கிறார்களா, தனித்தாளிலா என்று பாருங்கள். தனித்தாள் கேட்டிருந்தால் கோப்பின் பெயரிலும் உங்கள் பெயர் இருக்கக்கூடாது.