வாகன வருமான அனுமதிப்பத்திரம்: கவுண்டரா, ஒன்லைனா?

மட்டக்களப்பில் மோட்டார் சைக்கிளோ ஓட்டோவோ, வருடத்துக்கொரு தடவை இந்தப் பத்திரத்தைப் புதுப்பிக்காமல் ரோட்டில் இறக்க ஏலாது. பிரதேச செயலகத்தில் எடுத்தாலும் ஒன்லைனில் எடுத்தாலும் அடிப்படை இரண்டுதான்: நடப்பிலுள்ள இன்சூரன்ஸ், புகைப் பரிசோதனைச் சான்றிதழ். கவுண்டருக்குப் போகிறவர்கள் பழைய பத்திரத்தையும் வாகனப் புத்தகத்தையும் கொண்டுபோங்கள்.

வேலை கெடுவது பெரும்பாலும் புகையில். டீசல் வாகனத்தில் புகையின் கருமையைப் பார்ப்பார்கள். பெட்ரோலில் காபன் மொனொக்சைட்டும் எரியாத ஐதரோகாபனும். படுவான்கரைக் கிரவல் ரோட்டில் ஓடும் மோட்டார் சைக்கிளின் எயார் ஃபில்டரைக் கழற்றித் தட்டிப் பாருங்கள், செம்புழுதி கொட்டும். காற்று போதாவிட்டால் பெட்ரோல் அரைகுறையாக எரிந்து காபன் மொனொக்சைட் ஏறும். ஃபில்டரை மாற்றுங்கள், காபுரேட்டர் ஸ்க்ரூவை மெக்கானிக் பார்க்கட்டும். பிறகு 10, 15 நிமிடம் ஓடி, எஞ்சின் சூட்டோடு பரிசோதனைக்கு விடுங்கள். சைலன்சரில் ஓட்டை இருந்தால் முதலில் அடையுங்கள். வெளிக்காற்று கலந்தால் அளவு பிழைக்கும்.

ஒன்லைனில் சிக்கல் வேறு. இன்சூரன்ஸில் வாகன இலக்கத்தின் ஓர் எழுத்து பிழைத்தாலும் பதிவோடு பொருந்தாது. இன்சூரன்ஸ் சான்றிதழ் கைக்கு வந்த உடனே வாகனப் புத்தகத்தோடு ஒப்பிடுங்கள். கடைசி நாள் வரை விட்டால் திருத்துவதற்குள் திகதி போய்த் தண்டப்பணம் ஏறிவிடும். ஆவணங்கள் சுத்தமென்றால் ஒன்லைன்தான் நல்லது, வாகரையிலிருந்து வருகிறவருக்கு ஒரு நாள் கூலி மிச்சம். பிழை இருந்தால் கவுண்டர்தான்.

சேவைக்கு நல்ல புள்ளி கொடுக்கலாம். காசு போகும் வழிக்குக் கொடுக்க முடியாது. இது மாகாணத்தின் வருமானம். கடை விற்பனையில் மாகாணம் அறவிட்ட புரள்வு வரி 2011இல் நின்றபின் மிஞ்சிய சிலவற்றில் ஒன்று. ஆனால் ரோட்டுக்கென்று தனியே கட்டி வைப்பதில்லை. மாகாண நிதியத்தில் பொதுவாகச் சேர்கிறது. கல்முனைப் பக்கம் போகும் ஏ4 மத்திய அரசின் வீதி. மாகாணத்தின் பொறுப்பு சி, டி தர வீதிகள், அதாவது வயலுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போகும் நம் உள்வீதிகள். அவற்றுக்கு இவ்வளவு ஒதுக்கு என்று வாக்களிக்க வேண்டிய கிழக்கு மாகாண சபையின் காலம் 2017 செப்டெம்பரில் முடிந்தது. அதன்பின் தேர்தலே வைக்கவில்லை. கட்டுகிறவர்கள் யாரிடம் கேட்பது? குறைந்தது பத்திரத்தின் பின்பக்கத்திலாவது, போன வருடம் இந்த மாவட்டத்தின் உள்வீதிகளுக்கு எவ்வளவு போனது என்று அச்சிடட்டும்.