கடன்–உரிமையாண்மை விகிதமா, வட்டிக் காப்பு விகிதமா?

பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட ஒரு கம்பனி தன் கடனைத் தாங்குமா என்று பார்க்க, என்னைப் போன்ற சிறு முதலீட்டாளருக்கு இரண்டு விகிதங்கள் கைக்கெட்டும் தூரத்தில் உள்ளன. மொத்தக் கடனை உரிமையாண்மையால் (சொத்துகளிலிருந்து கடன் முதலிய பொறுப்புகளைக் கழித்தபின் பங்குதாரருக்கு எஞ்சுவது) வகுக்கும் கடன்–உரிமையாண்மை விகிதம் ஒன்று. வட்டிக்கும் வரிக்கும் முன்னரான இலாபத்தை அவ்வாண்டின் வட்டிச் செலவால் வகுக்கும் வட்டிக் காப்பு விகிதம் மற்றையது. 2021இல் கிளிநொச்சியில் இருந்துகொண்டு கொழும்புப் பங்குச் சந்தையில் முதன்முதலாகப் பங்கு வாங்கியபோது முதலாவதை மட்டுமே பார்த்தேன். இப்போது ஆண்டறிக்கை வெளிவந்ததும் இரண்டாவதையே முதலில் கணக்கிடுகிறேன்.

கடன்–உரிமையாண்மை விகிதத்தின் வசதிகள் தெரிந்தவைதான்: ஐந்தொகையைப் பார்த்த இரண்டு நிமிடத்தில் கிடைத்துவிடும், ஒரே துறைக் கம்பனிகளை ஒப்பிட உதவும், ஓராண்டு இலாபம் சரிந்தாலும் பெரிதாக அசையாது. அந்த அசையாமைதான் என்னை ஏமாற்றியது.

2022 ஏப்ரல் 8ஆம் திகதி மத்திய வங்கி தன் கொள்கை வட்டி வீதங்களை ஒரேயடியாக 7 சதவீதப் புள்ளிகளால் உயர்த்தியது; அவ்வாண்டிலேயே அரசாங்கம் குறுங்காலக் கடன் பெற வெளியிடும் மூன்று மாதத் திறைசேரி உண்டியலின் வட்டி 30 சதவீதத்தைத் தாண்டியது. உதாரணத்துக்கு, 5,000 மில்லியன் ரூபா உரிமையாண்மையும், மாறும் வட்டியில் 3,000 மில்லியன் கடனும், வட்டிக்கும் வரிக்கும் முன் 900 மில்லியன் இலாபமும் உள்ள ஒரு கம்பனியை எடுத்துக்கொள்வோம். வட்டி 10 சதவீதமாக இருந்தால் செலவு 300 மில்லியன், காப்பு 3 மடங்கு. 25 சதவீதமானால் செலவு 750 மில்லியன், காப்பு வெறும் 1.2 மடங்கு. கடன் ஒரு சதமும் கூடாததால் முதல் விகிதம் 0.6 ஆகவே இருக்கும். அதே ஆண்டில் காணியை மறுமதிப்பிட்டு உரிமையாண்மையில் 1,000 மில்லியனைச் சேர்த்திருந்தால், பணம் எதுவும் வராமலே அது 0.5 ஆகக் குறைந்து, கம்பனி முன்னையதை விட ஆரோக்கியமாக இருப்பதுபோலத் தோன்றும்.

கிளிநொச்சியின் இரணைமடுக் குளத்துக்குக் கீழே வயல் செய்பவர்களுக்கு இது புதிதல்ல. 2021இல் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்ட பின் வந்த காலபோகத்தில் விளைச்சல் விழுந்தபோது, காணியின் பெறுமதி என்னவாக இருந்தாலும், உழவு இயந்திரத்தின் லீசிங் தவணையை நெல் விற்ற காசில்தான் கட்டவேண்டியிருந்தது.

வட்டிக் காப்பிலும் பொறிகள் உண்டு. முதலீட்டுக் காணியின் மதிப்பேற்றமோ, சொத்து விற்ற ஒருதடவை இலாபமோ உள்ளே இருந்தால் அவற்றைக் கழிக்க வேண்டும். கட்டுமானத்தில் இருக்கும் சொத்துக்குரிய வட்டியை, இலங்கைக் கணக்கீட்டு நியமம் 23இன்படி, சொத்தின் கிரயத்தோடு சேர்ப்பதால் அது இலாப நட்டக் கணக்கில் தெரியாது. ஆகையால் காசுப் பாய்ச்சல் கூற்றில் உண்மையில் செலுத்திய வட்டியையும் பார்த்துக்கொள்கிறேன். வங்கிகளுக்கு இவ்விரண்டுமே பொருந்தா. அங்கு மூலதனப் போதுமை விகிதத்தைத்தான் (வங்கியின் இடர் நிறையிட்ட சொத்துகளுக்கு எதிராக அதன் மூலதனம் எவ்வளவு என்பதை) பார்க்கவேண்டும். டொலர்க் கடனுள்ள கம்பனி என்னிடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது என்பதால், அந்த வகையைப் பற்றி உறுதியாகப் பேச எனக்கு அனுபவம் போதாது.

இப்போது காப்பு 3 மடங்குக்குக் குறைந்தால் நான் வாங்குவதில்லை. அந்த 3 எங்கும் எழுதப்பட்ட விதியல்ல. 2022ஐப் போல இன்னொரு ஆண்டு வந்தாலும் 1க்கு மேல் நிற்கட்டும் என்று நானே விட்டுக்கொண்ட இடைவெளி.