பழைய ஜன்னலை மாற்றுவது லாபமா? பல ஆண்டுகள் புழங்கிய பின் தெரியும் கணக்கு

இரட்டைக் கண்ணாடி ஜன்னல் போட்டால் கரண்ட் பில் பாதியாகிவிடும் என்று விற்பவர்கள் சொல்வார்கள். பாதியாகாது. ஆனால் மதியத்துக்கு மேல் கிட்டவே போக முடியாதிருந்த ஜன்னலோரம் உட்கார முடிகிற இடமாகிவிடும். ஆண்டுகள் கழித்தும் நிற்கிற லாபம் பெரும்பாலும் இந்தச் சுகம்தான். மின்சார மிச்சம் எவ்வளவு என்பது வீட்டைப் பொறுத்து மாறும். அதை ஆர்டர் கொடுப்பதற்கு முன்பே ஒரு தாளில் கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம்.

1.2 மீட்டருக்கு 1.2 மீட்டர் ஜன்னல் ஒன்றை எடுத்துக்கொள்வோம். பரப்பு 1.44 சதுர மீட்டர். ஒற்றைக் கண்ணாடியின் யு மதிப்பு சுமார் 5.7. உள்ளுக்கும் வெளிக்கும் 1 டிகிரி வித்தியாசம் இருந்தால் சதுர மீட்டருக்கு 5.7 வாட் கடக்கும் என்று பொருள். வெளியே 36, உள்ளே 26 டிகிரி என்றால் 5.7 × 1.44 × 10, அதாவது 82 வாட். பழைய குண்டு பல்பு ஒன்று தரும் சூடு, அவ்வளவுதான். அதே ஜன்னல் மேற்கு பார்த்திருந்து மாலை வெயில் சதுர மீட்டருக்கு 600 வாட் அடித்தால், தெளிவான கண்ணாடி அதில் சுமார் 80 சதவீதத்தை உள்ளே விட்டுவிடும். அது 690 வாட். வெயில் கொண்டுவரும் சூடு, கண்ணாடி கடத்தும் சூட்டைப்போல எட்டு மடங்கு.

வெப்பமான ஊர்களில் சாதாரண இரட்டைக் கண்ணாடி ஏமாற்றம் தருவதற்குக் காரணம் இதுதான். அது 82 வாட்டை 40 ஆக்கும். 690 வாட் 650 அளவில் நின்றுவிடும். அங்கே தேவைப்படுவது வெயிலைத் தடுக்கும் லோ-ஈ பூச்சு, அதாவது கண்ணாடிமேல் படியவைத்த, கண்ணுக்குத் தெரியாத மெல்லிய உலோகப் படலம். வெயிலில் 30 சதவீதத்தை மட்டும் விடும் கண்ணாடி என்றால் 690 வாட் 260 ஆகும், 430 வாட் சூடு குறையும். ஏ.சி. ஒரு பங்கு மின்சாரத்தில் மூன்று பங்கு சூட்டை வெளியேற்றும் என்று வைத்தால், மிச்சம் சுமார் 145 வாட் மின்சாரம். தினம் 4 மணி நேர வெயில், ஆண்டுக்கு 120 நாள்: ஒரு ஜன்னலுக்குச் சுமார் 70 யூனிட். உங்கள் யூனிட் விலையால் இதைப் பெருக்கி, வந்த தொகையைக் கொண்டு ஜன்னல் விலையை வகுத்துப் பாருங்கள். விடை பெரும்பாலும் பத்தாண்டுகளைத் தாண்டிவிடும். வெயிலே படாத வடக்கு ஜன்னலுக்கு இந்த 70 யூனிட்டும் கிடையாது.

இதே 690 வாட்டை, ஜன்னலுக்கு வெளியே தொங்கும் தட்டியோ சாய்வான சன்ஷேடோ அந்தக் கண்ணாடி அளவுக்கு, சமயத்தில் அதைவிட நன்றாகவே தடுக்கும். உள்பக்கத் திரைக்கு அந்தப் பலன் வராது. சூடு கண்ணாடியைக் கடந்த பிறகுதான் திரைக்கு வருகிறது. மரச்சட்டம் நல்ல நிலையில் இருந்து, தொந்தரவு வெயிலால் மட்டும் என்றால் வெளித்தடுப்பைப் போட்டு ஒரு கோடையைக் கழியுங்கள். பாதிப் பேருக்கு அதன் பிறகு ஜன்னலை மாற்றும் தேவையே இருக்காது என்று நினைக்கிறோம்.

குளிர்ப் பிரதேசத்தில் கணக்கு தலைகீழ். சராசரியாக 15 டிகிரி வித்தியாசம், 120 நாள், இரவு பகலாக ஹீட்டர் என்றால், ஒற்றைக் கண்ணாடியின் 5.7 யு மதிப்பிலிருந்து, அறைச்சூட்டைக் காக்கும் வகை லோ-ஈ இரட்டைக் கண்ணாடியின் 1.4க்கு இறங்கும்போது அதே ஜன்னலில் சுமார் 270 யூனிட் சூடு மிச்சமாகும். சாதாரண மின் ஹீட்டர் வைத்திருந்தால் அத்தனையும் மின்சார மிச்சம். ஏ.சி.யைப்போலச் சூட்டை இடம் மாற்றி அறையைச் சூடாக்கும் ஹீட் பம்ப் என்றால் அதில் மூன்றில் ஒரு பங்கு. அங்கே வெயிலைத் தடுக்கும் பூச்சு போட்டால், குளிர்காலத்தில் இலவசமாக வரும் சூட்டையும் இழப்பீர்கள்.

சுகத்துக்கும் எண் உண்டு. வெளியே 0, அறைக்குள் 20 டிகிரி என்றால் ஒற்றைக் கண்ணாடியின் உள்முகம் 5 டிகிரிதான் இருக்கும். சாதாரண இரட்டைக் கண்ணாடியில் 13, வாயு நிரப்பிய லோ-ஈ கண்ணாடியில் 16. அறைக் காற்று 20 டிகிரியாகவே இருந்தாலும், 5 டிகிரி பரப்புக்கு அருகே உட்கார்ந்தால் உடம்புச் சூடு அதை நோக்கிப் போய்க்கொண்டே இருக்கும்; தோள் சில்லிடும். 20 டிகிரி, 50 சதவீத ஈரப்பதமுள்ள காற்றிலிருந்து 9 டிகிரி அளவில் நீர் படியும். அதனால்தான் ஒற்றைக் கண்ணாடியில் காலையில் தண்ணீர் வழிந்து, அடிச்சட்டம் கறுத்து, மரம் உளுத்துப்போகிறது. இந்த மாற்றம் முதல் நாளிலேயே தெரியும், கண்ணாடியின் சீல் தாங்கும் வரை நீடிக்கும்.

இடுக்குக் காற்றுக்கு ஜன்னலை மாற்ற வேண்டுமா என்று இரண்டு சோதனைகள் சொல்லிவிடும். கதவுக்கும் சட்டத்துக்கும் நடுவே ஒரு தாளை வைத்து மூடி இழுங்கள். தடையில்லாமல் வந்தால் அந்த இடத்தில் ரப்பர் பிடிக்கவில்லை. காற்றடிக்கும் நாளில் ஊதுவத்தியைச் சட்டத்தைச் சுற்றிக் கொண்டுபோங்கள். புகை கதவு விளிம்பில் ஆடினால் புது ரப்பர் பீடிங் போதும். சட்டமும் சுவரும் சேரும் இடத்தில் ஆடினால் அங்கே அடைக்க வேண்டும். புது ஜன்னல் வாங்கும்போதும் இது நினைவில் இருக்கட்டும்: ஸ்லைடிங் ஜன்னல் தூரிகை நாரை உரசித்தான் மூடும், அது தேயத் தேயக் காற்று வரும். கீலில் திறக்கும் கதவு ரப்பரை அழுத்தி மூடுவதால் ஆண்டுகள் போனாலும் இறுக்கம் நிற்கும். இடம் இருந்தால் கீல் கதவையே எடுங்கள்.

சத்தத்துக்காக வாங்குபவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். 4 மி.மீ., 12 மி.மீ. இடைவெளி, 4 மி.மீ. என்ற வழக்கமான இரட்டைக் கண்ணாடி, 6 மி.மீ. ஒற்றைக் கண்ணாடியைவிடச் சத்தத்தைக் கூடுதலாகத் தடுப்பதில்லை. இரண்டு தகடும் ஒரே தடிமன் என்பதால் ஒரே சுரத்தில் அதிரும். ஒரு பக்கம் 6.38 மி.மீ. லேமினேட்டட் (நடுவே பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டிய கண்ணாடி), மறுபக்கம் 4 மி.மீ. என்று தடிமனை மாற்றிக் கேளுங்கள். சாலைச் சத்தம் கடுமையாக இருந்தால், பழைய ஜன்னலை அப்படியே விட்டு 100 மி.மீ. தள்ளி உள்பக்கம் இன்னொரு ஜன்னல் வைப்பது வழக்கமான இரட்டைக் கண்ணாடியை மிஞ்சும்.

பொருள் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் பொருத்துவதில்தான் கெடுகிறது. அகலத்தை மேல், நடு, கீழ் என மூன்று இடத்தில் அளந்து குறைந்ததை எடுக்க வேண்டும், உயரத்துக்கும் அப்படியே. டஃபண்டு கண்ணாடியை (சூடேற்றிக் கெட்டிப்படுத்தியது) பிறகு வெட்ட முடியாது, ஆகவே அளவு தவறினால் கண்ணாடி வீண். யூபிவிசி என்ற கெட்டி பிளாஸ்டிக் சட்டம் 2 மீட்டர் நீளத்தில் 40 டிகிரி ஏற்ற இறக்கத்துக்குச் சுமார் 6 மி.மீ. நீளும், அலுமினியம் 2 மி.மீ. அளவு. சுற்றிலும் இடைவெளி விடாமல் கலவை வைத்துப் பூசிவிட்டால் கோடையில் சட்டம் வளைந்து கதவு சிக்கும். வளைந்ததைச் சீவிச் சரிசெய்ய யூபிவிசி மரமல்ல.

திருகு மூலையிலிருந்து 150 முதல் 200 மி.மீ. தள்ளி ஆரம்பிக்கட்டும், இரண்டு திருகுக்கு நடுவே 600 மி.மீ. தாண்டக் கூடாது. ஒவ்வொரு திருகுக்கும் பின்னால் பிளாஸ்டிக் கட்டை இல்லாமல் முறுக்கினால் சட்டம் சுவரை நோக்கி இழுபடும். முறுக்கி முடித்ததும் இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்து பாருங்கள், வித்தியாசம் 3 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். இடைவெளியை நிரப்பக் குறைவாக உப்பும் ஃபோம் மட்டுமே. அதிகம் உப்பும் ஃபோம் சட்டத்தையே உள்ளே தள்ளிவிடும். வெயில் பட்டால் ஃபோம் பொடியாகும் என்பதால் அதை அப்படியே திறந்து விடக் கூடாது. வெளிப்பக்கம் நுரைக்கயிறு வைத்து அதன்மேல் சிலிகான். வினிகர் வாடை அடிக்கும் சிலிகான் சிமென்ட்டில் சரியாக ஒட்டாது, லேமினேட்டட் கண்ணாடியின் விளிம்பையும் கெடுக்கும். நியூட்ரல் வகை என்று டியூபில் அச்சிட்டிருப்பதைப் பார்த்தே வேலையைத் தொடங்கச் சொல்லுங்கள்.

கீல் கதவில் கண்ணாடிக்கு அடியில் வைக்கும் கட்டையும் முக்கியம். கீல் பக்கத்துக் கீழ்மூலையிலும், பூட்டுப் பக்கத்து மேல்மூலையிலும் கட்டை நின்றால் கண்ணாடியே கதவைத் தூக்கிப் பிடிக்கும். இதை விட்டுவிட்டால் ஓரிரு ஆண்டில் பூட்டுப் பக்கம் தொங்கி, கொண்டி மாட்டாது. ஆள் வந்து கீலை மாற்றிவிட்டுப் போவார், மறுபடியும் தொங்கும்.

லோ-ஈ பூச்சு உண்மையில் இருக்கிறதா, சரியான முகத்தில் இருக்கிறதா என்று நீங்களே பார்க்கலாம். இருட்டியபின் கண்ணாடிமுன் செல்போன் விளக்கைச் சாய்த்துப் பிடித்தால், இரண்டு தகட்டின் நான்கு முகத்துக்கும் ஒவ்வொன்றாக, நான்கு பிம்பம் தெரியும். பூச்சுள்ள முகத்தின் பிம்பம் மட்டும் நிறம் மாறியிருக்கும். வெளியிலிருந்து எண்ணினால் வெயில் தடுக்கும் பூச்சு இரண்டாவதாகவும், அறைச்சூட்டைக் காக்கும் பூச்சு பொதுவாக மூன்றாவதாகவும் வரும்.

ஆண்டுகள் கழித்து வரும் முதல் குறை, இரண்டு கண்ணாடிக்கு நடுவே மூட்டம். ஓரப்பட்டையில் இருக்கும் ஈரம் உறிஞ்சும் மணிகள் நிரம்பிவிட்டன, சீல் விட்டுவிட்டது என்று பொருள். நல்ல சீல் பொதுவாக 15 முதல் 25 ஆண்டு தாங்கும். சீக்கிரமே மூட்டம் வந்தால் பெரும்பாலும் அடிச்சட்டத்தில் தண்ணீர் தேங்கியிருக்கும்: வடிதுளை தூசியில் அடைத்திருக்கும், அல்லது பொருத்தியவர் அதைச் சிலிகானால் மூடியிருப்பார். டிராக்கில் ஒரு குவளை தண்ணீர் ஊற்றிப் பாருங்கள், வெளிப்பக்கம் வடிய வேண்டும். மழைக்காலத்துக்கு முன் ஒவ்வொரு முறையும் இதைச் செய்வது நல்லது. மூட்டம் வந்தாலும் ஜன்னலை மாற்ற வேண்டியதில்லை. கண்ணாடி யூனிட்டை மட்டும் மாற்றலாம்.

அடுத்து ரப்பர். மூலையில் சுருங்கி இடைவெளி விடும். வருடத்துக்கு ஒருமுறை துடைத்துச் சிலிகான் ஸ்ப்ரே அடித்தால் நாள் கூடும். ஸ்லைடிங்கில் ரோலர் தேயும், மண் நிறைந்த டிராக்கில் இன்னும் வேகமாக. உதிரி ரோலரும் ரப்பரும் கிடைக்காத மலிவான சட்டம் வாங்கினால், ஒரு சின்ன பாகத்துக்காக முழு ஜன்னலையும் தூக்கிப்போட நேரும்.

இறுக்கமான ஜன்னல் வந்தபின் பழைய இடுக்குகள் செய்துவந்த காற்றோட்ட வேலையை யாராவது செய்ய வேண்டும். குளியலறை, சமையலறை எக்ஸாஸ்டை ஓட்டாத வீடுகளில் ஈரம் கண்ணாடியை விட்டுச் சுவர் மூலைக்குப் போய்ப் பூஞ்சையாகும்.

சட்டம் உளுத்தது, கதவு சதுரம் இழந்தது, அல்லது கண்ணாடியே மாற்ற வேண்டியது என்றால் மாற்றுங்கள், தயங்க வேண்டாம். கெட்டியான மரமாக இருந்து, கண்ணாடியைச் சட்டத்தில் பிடித்துவைக்கும் மக்கு (புட்டி) மட்டும் உதிர்ந்திருந்தால் புது மக்கு, ரப்பர், கீல் போட்டுப் பழையதையே ஓட்டலாம். மாற்றுவதென்றால் வெயில் அதிகம் படும் அறையில் தொடங்கி, ஒரு முழுப் பருவம் பார்த்த பிறகு மற்ற அறைகளுக்குப் போகலாம். ஆர்டர் தாளில் ‘டபுள் கிளாஸ்’ என்று மட்டும் எழுத விடாதீர்கள். கண்ணாடித் தடிமன் இரண்டும், இடைவெளி, பூச்சு எந்த முகம், சட்டமும் சேர்த்து முழு ஜன்னலின் யு மதிப்பு, எத்தனை சதவீத வெயிலை விடும், சீலுக்கு எத்தனை ஆண்டு உத்தரவாதம், எல்லாம் எழுத்தில் வரட்டும்.