ஊட்டியில் பிராய்லர்: கண்முன் அறுத்ததா, பாக்கெட்டா?

லெக் பீஸ் பஞ்சாக வெந்திருக்கும். அதே குழம்பில் கிடக்கும் நெஞ்சுத்துண்டு மட்டும் பல்லுக்கு அடங்காது. ஊட்டி, குன்னூர் வீடுகளில் இதற்கு உடனே ஒரு காரணம் சொல்வார்கள்: "மலைல தண்ணி சரியாக் கொதிக்காது." ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும் என்பது சரிதான். ஆனால் கோழிக்கறி வேக, சதைக்குள் 75 டிகிரி சூடு ஏறினால் போதும். பிராய்லர் 35, 40 நாளில் 2 கிலோ எட்டும் குஞ்சு. அதன் சதையைக் கட்டியிருக்கும் சவ்வு இளசு, 92 டிகிரியில் தாராளமாக இளகும். நெஞ்சு ரப்பராவதற்கு மலை காரணமில்லை. கறி வாங்கிய இடமும் அறுத்த நேரமும்தான் காரணம்.

இங்கே முன்னால் இருப்பது இரண்டு வழி. சமவெளியிலிருந்து டிரேயில் உயிரோடு மலையேறி வரும் கோழியைக் கடையில் நிறுத்து அறுத்து வாங்கலாம். இல்லையென்றால் சூப்பர் மார்க்கெட்டில் குளிரவைத்த அல்லது உறைந்த பாக்கெட். எது சுத்தம், எது வசதி என்பதெல்லாம் எல்லோரும் அறிந்ததே, அதில் நேரம் போக்க வேண்டாம். கறியின் பதத்தை மட்டும் வைத்துப் பார்த்து என் வீட்டுக்கு நான் முடிவு செய்தது கோழிக்கடை. ஆனால் "அறுத்ததும் அடுப்பில் ஏற்று" என்று ஊரே சொல்லும் காரணத்துக்காக அல்ல. அந்தப் பழக்கம்தான் பாதிக் கெடுதல்.

முதலில் கோழியின் எடை. நெஞ்சின் மேல்பாகம் கட்டை போல விறைத்து, வெளுத்து, நடுவே மேடு தட்டியிருந்தால் அதற்கு 'வுடி பிரெஸ்ட்', அதாவது கட்டைநெஞ்சு என்று பெயர். சதைநாருக்கு இணையாக வெள்ளை வெள்ளைக் கோடு ஓடினால் அது நாருக்கிடையே கொழுப்பு ஏறியது. விரலால் கிள்ளினால் இடியாப்பம் போலப் பிரியும் இன்னொரு வகையும் உண்டு. ஊசி போட்டதால்தான் என்பார்கள், அது கதை. நெஞ்சு வளரும் வேகத்துக்கு ரத்தநாளம் வளர்ந்து ஈடுகொடுக்காமல், பிராணவாயு போதாமல் நார் சிதைகிறது. சிதைந்த இடத்தில் கொழுப்பும் கெட்டிச் சவ்வும் வந்து உட்காருகின்றன. சாப்பிட்டால் உடம்புக்கு ஒன்றும் ஆகாது, வாய்க்குத்தான் தண்டனை. கோழி கனக்கக் கனக்க இது கூடும். கடையில் "ரெண்டு கிலோவுக்கு உள்ளாற பாருங்கண்ணா" என்று கேட்டு 1.7, 1.8 கிலோ உயிர் எடையில் வாங்கலாம். தோல் உரித்து, குடல் போக 1.2 கிலோ பக்கம் கறி தேறும். பாக்கெட்டில் போன்லெஸ் வாங்கும்போது எத்தனை கிலோ கோழியின் நெஞ்சு அது என்று கேட்க ஆளே இல்லை. வெள்ளைக் கோடு மட்டும் சின்னக் கோழியிலும் வரும், எடை பார்த்து வாங்கினால் முழுக்கத் தப்பிவிடலாம் என்று சொல்ல மாட்டேன்.

அடுத்தது நேரம். மொத்த விஷயமும் இதில்தான் இருக்கிறது. அறுத்த கோழியின் தசை முதலில் தளர்ந்துதான் இருக்கும். அதிலிருக்கும் சக்தி தீர்ந்ததும், ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில், நார்கள் ஒன்றோடொன்று கவ்விக்கொண்டு விறைக்கும். அந்த விறைப்பு இளக நாலு முதல் ஆறு மணி நேரம் வேண்டும். ஞாயிறு காலை ஏழு மணிக்கு வரிசையில் நின்று வாங்கி, வீட்டுக்கு வந்து கழுவி, வெங்காயம் வதக்கி, எட்டரைக்குக் கறியைப் போடுகிறவர் சரியாக அந்த விறைப்பைத்தான் சட்டியில் போடுகிறார். போதாததற்குக் கடைக்காரர் கறி ஆறுமுன்பே இருபது துண்டாகப் போட்டுவிடுகிறார். எலும்பு இழுத்துப் பிடித்திருக்கும்வரை தசை அவ்வளவாகச் சுருங்காது. வெட்டி விட்டால் சுருங்கி, அப்படியே விறைத்துப் போகும். போன்லெஸ்ஸாகச் சூட்டோடு உரித்து வாங்கும் நெஞ்சு மோசமாவது இதனால்தான்.

சரிசெய்யக் காசு செலவில்லை. ஞாயிறு சமையலுக்குச் சனி சாயங்காலமே வாங்குங்கள். "நெஞ்சை மட்டும் எலும்போட முழுசா விட்டுருங்க, மத்ததை வெட்டுங்க" என்று சொல்லுங்கள். நெஞ்செலும்பு மெத்தென்றிருக்கும், மறுநாள் வீட்டுக் கத்திக்கே அடங்கும். நீலகிரியில் பிளாஸ்டிக் பைக்குத் தடை, எப்படியும் தூக்குவாளியோடுதான் போக வேண்டும். அகலமான மூடி போட்ட எவர்சில்வர் டப்பாவாகக் கொண்டுபோனால் அப்படியே பிரிட்ஜில் வைக்கலாம். கறி இன்னும் வெதுவெதுப்பாக இருப்பதால் ஆழமான பாத்திரத்தில் குவித்து வைத்தால் நடுவில் சூடு தங்கிவிடும். கழுவாமல் பரப்பி, அடித்தட்டில் வையுங்கள். சமைக்கும் முன் கழுவி, பத்து நிமிஷம் வடிதட்டில் விட்டால் போதும். ஊட்டிக் குளிருக்குப் பிரிட்ஜ் எதற்கு என்று சமையல்கட்டு ஜன்னலோரம் வைப்பவர்கள் இருக்கிறார்கள். ஜனவரியில் ராத்திரி உறைபனி விழுந்தாலும் வீட்டுக்குள் 5 டிகிரிக்குக் கீழே போவது அபூர்வம், விடிந்து வெயில் பட்டால் சட்டென்று ஏறிவிடும்.

அன்றே வாங்கி அன்றே ஆக்கித்தான் ஆக வேண்டுமென்றால் எலும்போடு குழம்பு வையுங்கள். மூடி போட்டு, சிறுதீயில் 35 நிமிஷம். சில்லி சிக்கன் அன்றைக்கு வேண்டாம்.

பாக்கெட்டுக்கு இந்த விறைப்புத் தொல்லை கிடையாது. ஆலையில் குளிரவைத்துப் பொதிந்து கடைக்கு வருவதற்குள் தசை இளகிவிடும். அதன் எதிரி உறைந்து உருகி மறுபடி உறைவது. ஒவ்வொரு தரமும் பனித்துகள் நாரைக் கிழிக்கும், கிழிந்த இடத்தில் சாறு ஒழுகும். மழைக்காலத்தில் இங்கே கரண்ட் போய் எப்போது வரும் என்று யாரும் சொல்ல முடியாது. மண்சரிவில் குன்னூர் சாலை அடைபட்டால் வண்டி கோத்தகிரி வழியாகச் சுற்றி வரும். கடை ஃப்ரீசர் நடுவில் எத்தனை மணி நேரம் நின்றது என்பது பாக்கெட் மேல் அச்சாகியிருக்காது. ஆனால் பாக்கெட்டே காட்டிக்கொடுக்கும். ஒரே மூலையில் ரோஸ் நிறத்தில் பனிக்கட்டி கெட்டியாக நின்றால் உருகிய சாறு அங்கே வடிந்து மறுபடி உறைந்திருக்கிறது. துண்டுகள் தனித்தனியாகக் கலகலக்காமல் ஒரே பாளமாக ஒட்டியிருந்தாலும் சந்தேகம்தான். அந்தக் கறி சொதசொதவென்று வதங்கி, வாயில் சக்கையாகத் தங்கும். கோழிக்கடைக் கறியின் விறைப்பை ஒரு ராத்திரி பிரிட்ஜில் வைத்து எடுத்துவிடலாம், போன சாற்றைத் திரும்ப ஏற்ற வழியில்லை. என் முடிவுக்குக் காரணம் இது ஒன்றுதான்.

உறைந்த லெக் பீஸில் எலும்பைச் சுற்றிக் கறுத்திருந்தால் மட்டும் பயப்பட வேண்டாம். இளங்கோழியின் எலும்பு நுண்துளை நிறைந்தது, உறையும்போது மஜ்ஜை வெளியே கசிந்து, வெந்ததும் கறுக்கும். கெட்ட கறி அல்ல.

பாக்கெட்டை நானும் எடுப்பேன், போன்லெஸ் தேவைப்படும்போது. ஏப்ரல், மே சீசனில் விருந்தாளிகள் வந்து ஐந்து கிலோ ஒரே மாதிரித் துண்டாக வேண்டுமென்றால் அதுதான் சரி. 1 கிலோ பாக்கெட்டை முதல்நாள் ராத்திரியே ஃப்ரீசரிலிருந்து பிரிட்ஜுக்கு இறக்கி, அடியில் தட்டு வைத்து உருக்குங்கள். பிறகு 1 லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம் கல்லுப்பு கரைத்து, கறியை அதில் ஒரு மணி நேரம் பிரிட்ஜிலேயே ஊறவிட்டால் வேகும்போது ஈரம் கொஞ்சம் தங்கும். மசாலாவில் உப்பைப் பாதியாகக் குறையுங்கள். பப்பாளிக்காய் விழுது போடுவதானால் கிலோவுக்கு ஒரு டீஸ்பூன், அரை மணிக்கு மேல் வேண்டாம். மேற்புறம் கூழாகிவிடும், உள்ளே அப்படியே இருக்கும். கட்டைநெஞ்சு வந்து மாட்டினால் எந்த ஊறலும் உதவாது, கொத்துக்கறியாக்கிக் கோலா உருட்டுங்கள்.

நாட்டுக்கோழியைப் பற்றி ஒரு வார்த்தை. அந்தப் பெயரில் முட்டை ஓய்ந்த பண்ணைக்கோழியையும் தள்ளிவிடுவார்கள். நெஞ்செலும்பு கத்தி முனையாகத் துருத்தி, சதை ஒட்டியிருந்து, வயிற்றுக்குள் மஞ்சள் கொழுப்பும் சின்னச் சின்னக் கருக்களும் கொத்தாக இருந்தால் அதுவாகத்தான் இருக்கும். இரண்டிலும் சவ்வு முற்றியது, இங்கே மட்டும் மலைமேல் பழி போடுவது நியாயம். சமவெளியில் 120 டிகிரி ஏறும் குக்கர் ஊட்டியில் 116 டிகிரியில் நின்றுவிடும். விசில் எண்ணாதீர்கள். முதல் விசிலுக்குப் பிறகு தீயைக் குறைத்து 25 நிமிஷம், கிழட்டுச் சேவலென்றால் இன்னும் பத்து.