நோய்க்கு மருத்துவமா, நோயாளிக்கு மருத்துவமா?

சர்க்கரை, ரத்த அழுத்தம், மூட்டுவலி மூன்றும் சேர்ந்த ஒருவரை இரண்டு விதமாகக் கவனிக்கலாம். ஒன்று, ஒவ்வொரு நோய்க்கும் ஒரு மருத்துவர், ஒரு இலக்கு, ஒரு மருந்துச்சீட்டு. இன்னொன்று, "உங்களுக்கு எது முக்கியம்?" என்று கேட்டு, அவரோடு சேர்ந்தே திட்டம் போடுவது.

மாரடைப்பு போன்ற அவசரத்தில் முதல் வழிதான் சரி. நீடித்த நோயில் அது தடுமாறுகிறது. மூட்டுவலிக்குக் கொடுக்கும் இபுப்ரோஃபென் ரத்த அழுத்தத்தை ஏற்றலாம். அதைக் கவனிக்காத இன்னொரு மருத்துவர் அழுத்த மாத்திரையைக் கூட்டிவிடுவார். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் HbA1c ரத்தப் பரிசோதனையில் பலருக்கும் 7% இலக்கு. பல நோய்களோடு தளர்ந்துபோன முதியவருக்கு 8% வரை விடலாம் என்று வழிகாட்டுதல்களே சொல்கின்றன, ஏனென்றால் சர்க்கரை மிகவும் இறங்கினால் மயங்கி விழும் ஆபத்து உண்டு. எண்ணை மட்டும் பார்ப்பவருக்கு இது எளிதில் தப்பிவிடும்.

வளர்ந்த நாடுகளிலேயே நீண்டகால மருந்தை ஒழுங்காக எடுப்பவர்கள் சுமார் 50% தான் என்று உலக சுகாதார நிறுவனம் 2003-இல் சொன்னது. எழுதிக் கொடுத்தால் மட்டும் போதாது, இல்லையா?

இரண்டாவது வழி அற்புதம் செய்யாது. மருத்துவ ஆய்வுகளை அலசும் காக்ரேன் என்ற அமைப்பு இந்த வழி பற்றிய 19 ஆய்வுகளைத் தொகுத்த 2015 மதிப்பாய்வில் சர்க்கரை, மனச்சோர்வு போன்றவற்றில் கிடைத்த முன்னேற்றம் சிறியதுதான். நேரமும் அதிகம் பிடிக்கும். இருந்தாலும் தினமும் மாத்திரை போடுவதும் வலியோடு நடப்பதும் நோயாளிதானே. என் ஓட்டு இதற்குத்தான். அப்புறம், "நீங்களே முடிவு பண்ணுங்க டாக்டர்" என்று ஒருவர் சொன்னால், அந்த விருப்பத்தையும் இந்த வழி மதிக்க வேண்டும்.