காரைக்குடி தொலைநிலை எம்.எஸ்சி. உளவியல் மையம்: செய்முறைக்கு 4 நட்சத்திரம், வேலை வழிகாட்டலுக்கு 1

காரைக்குடியில் பழைய செட்டிநாட்டு வீடு ஒன்றில் நடக்கும் மையம் இது. தேவகோட்டை, புதுவயல் பக்கமிருந்து சனி, ஞாயிறு பஸ் ஏறி வருகிறவர்களுக்கு வசதிதான். பாடப்புத்தகங்கள் தேர்வுக்குப் போதும், அவ்வளவே. செய்முறை வகுப்புக்குத்தான் கட்டணம் தகும்.

கண்ணாடி வரைதல் சோதனையைப் பொறுமையாகச் செய்ய வைக்கிறார்கள். நட்சத்திரத்தின் இரட்டைக் கோட்டுக்கு நடுவே, கண்ணாடியில் தெரியும் பிம்பத்தை மட்டும் பார்த்துப் பென்சிலை நகர்த்த வேண்டும். முதலில் வலது கை ஒரு முறை, அடுத்து இடது கை 10 முறை, மறுபடி வலது கை. இடது கைப் பயிற்சியால் வலது கைக்கும் நேரமும் பிழையும் குறைகிறதா என்று பார்க்கிறார்கள். மறைப்புப் பலகை சற்று விலகினாலும் ஆள் தன் கையை நேராகப் பார்த்துவிடுவார், சோதனை வீண். வளவில் (நடு முற்றத்தில்) விழும் வெயில் கண்ணாடியில் பட்டுக் கண் கூசினால் பிழை கூடும். அதனால் மேஜையைப் பட்டாலையில் (கூரையுள்ள கூடத்தில்) போட்டிருப்பது நல்ல யோசனை. ஒரே குறை: இடது கைப் பயிற்சி பெறாத இன்னொரு குழுவையும் சோதிக்கச் சொல்வதில்லை. அது இல்லாவிட்டால், முதல் முறை வரைந்த பழக்கத்தாலேயே வலது கை தேறியதா என்று பிரித்துச் சொல்ல முடியாது. வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) மாணவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்வார்கள்.

ஆலோசனைப் பயிற்சியை வளவிலேயே நடத்துவது பெரிய தவறு. அங்கே மெதுவாகப் பேசினாலும் முகப்புவரை கேட்கும். ரகசியம் காப்பதைக் கற்க வேண்டிய வகுப்பு அது! சுற்றியுள்ள அறைகளில் ஒன்றைத் திறந்துவிட்டால் போதும்.

முடித்ததும் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் (மருத்துவ உளவியலாளர்) ஆகலாம் என்று துண்டறிக்கையில் போட்டிருப்பதை நம்ப வேண்டாம். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டப்படி இந்த எம்.எஸ்சி. மட்டும் போதாது. இந்திய மறுவாழ்வுக் கவுன்சில் அங்கீகரித்த மருத்துவ உளவியல் படிப்பை, நேரடிப் பயிற்சியோடு முடித்துப் பதிவு பெற வேண்டும். எச்.ஆர்., தொண்டு நிறுவனம், போதை மறுவாழ்வு மையம் போன்றவற்றுக்கு முயலலாம். பள்ளி ஆலோசகர் வேலைக்குப் பல இடங்களில் வழிகாட்டல் டிப்ளமோவும் கேட்பார்கள்.

இன்னொன்று, அவசரமானது. 2025 ஜூலை–ஆகஸ்ட் பருவத்திலிருந்து உளவியலைத் தொலைநிலையிலும் ஆன்லைனிலும் நடத்தக் கூடாது என்று யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) அறிவித்துவிட்டது. வாசலில் இன்னும் ‘சேர்க்கை நடைபெறுகிறது’ பலகை தொங்குகிறது. புதிதாகச் சேர நினைப்பவர்கள் முன்பணம் கட்டாமல், நேரடி வகுப்பு உள்ள கல்லூரியைப் பாருங்கள். முன்பே சேர்ந்தவர்கள், பருவமும் ஆண்டும் உள்ள சேர்க்கைக் கடிதத்தையும் கட்டண ரசீதையும் பத்திரப்படுத்துங்கள்.